ஒரு பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்

கடைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், ஒரு மஞ்சள் ஒயர் சுருட்டித் தொங்குகிறது. ஒரு முனையில் பிளக், மறுமுனையில் சாக்கெட் பெட்டி, நடுவில் ஓரிடத்தில் கறுப்பு டேப். மாங்கனித் திருவிழாவுக்கு வாசலில் சீரியல் பல்பு போடுவதற்காக அக்கா வாங்கியது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர், "இத ஏன் கண்ணுக்கு நேரா மாட்டி வச்சிருக்கீங்க, உள்ள தூக்கிப் போடலாமே" என்று சொல்லாமல் இருப்பதில்லை. போட மாட்டேன். திருநள்ளாறு பஸ்ஸை நடுச்சாலையில் நிறுத்திய ஒயர் அது. அதற்கு உரிய மரியாதை சுவரில்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. கடையின் முதலாளி. நான் தருமபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து அவரிடம் டைப் அடித்தவள். கல்யாணப் பத்திரிகை, நிக்காஹ் அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, லாட்ஜ் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்களின் உயிர்வாழ் சான்றை இன்டர்நெட்டில் அனுப்பிக் கொடுப்போம். கடை என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒரு கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியதில் எங்களுக்கு வாய்த்த பாதி அது. மறுபாதியில் ஒரு தையல்கார பாய். பலகை அடித்தவர் கரண்டைப் பிரிக்கவில்லை. இரண்டு பாதிக்கும் ஒரே மெயின், அதுவும் பாய் பக்கத்தில். ஒரு தடவை அயர்ன் பாக்ஸை அணைக்காமல் போய், ஒரு பேண்ட்டோடு மேஜையும் கருகியதிலிருந்து பாய்க்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு பாங்கு கேட்டதும் மெயினை இறக்கிவிட்டு, ஷட்டரைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார். அக்காவும் அந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்தான் என்பதால் அதில் யாருக்கும் இடைஞ்சல் இருந்ததில்லை.

அக்காவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன், பிரெஞ்சுக் குடியுரிமை வழியாகப் பாரிஸ் பக்கம் போய்க் குடும்பத்தோடு நிலைத்துவிட்டார். ஒவ்வொரு போனிலும் ஒரே பாட்டு: கடையை மூடுங்க, கிளம்பி வாங்க. தங்கமான பிள்ளைதான். ஆனால் அன்பாக இருக்கிறவர்கள் நம்மை ஒரு மூலையில் உட்கார வைக்கப் பார்க்கும்போது அவர்களிடமிருந்து தப்புவது கடினம். அக்கா ஒருநாள் எரிச்சலில் சொன்னார்: "மிஷின் ஓடுற வரைக்கும் கடை. கடை இருக்கிற வரைக்கும் நான் இங்க. மிஷின் நின்னுச்சுன்னா நீ சொல்ற எடத்துக்கு வர்றேன், போதுமா?" மகன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் என்றால் எங்கள் பழைய டெஸ்க்டாப். அதற்கு முடியாமல் போனது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். அதிலிருந்த விண்டோஸ் பழசாகி, பிரௌசர் பாதி சைட்டைத் திறக்க மறுத்தது. புது விண்டோஸ் போடலாம் என்றால் மிஷின் தாங்காது. புது மிஷின் வாங்கலாம் என்றால், பத்திரிகை அடிக்கும் தமிழ் சாஃப்ட்வேர் அதில் ஏறாது. அதன் சீடி எப்போதோ தொலைந்துவிட்டது. எழுத்துருக்களும் அதனோடு மட்டுமே வாழக்கூடியவை. பார்க்க வந்த மெக்கானிக், மூடியைக்கூடக் கழற்றாமல், "இதுக்குப் பால் ஊத்திட்டு வேற வாங்குங்கம்மா" என்றார். அக்காவுக்கு வந்த கோபத்தை நான் பார்த்தேன். மகன் அன்றே புது லேப்டாப் அனுப்புவதாகச் சொன்னார். "அவன் வாங்கிக் குடுக்கிற மிஷின்ல அவன் பேச்சத்தான் கேக்கணும்" என்று அக்கா மறுத்துவிட்டார்.

லினக்ஸ் என்ற பெயரை முதலில் உச்சரித்தது நானா அவரா என்று நினைவில்லை. இருவருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோரையும்போல வீடியோ பார்த்தோம். பழைய மிஷினுக்கென்றே இலகுவான லினக்ஸ் இருக்கிறது, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே அதை வைக்கலாம், மிஷினைப் போடும்போது எது வேண்டும் என்று கேட்கும் என்று தெரிந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகைக்கு விண்டோஸ், இன்டர்நெட்டுக்கு லினக்ஸ். ஒரு பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். ஹார்ட் டிஸ்க்கில் யாருக்கு எவ்வளவு இடம் என்று கேட்டேன். "பழசுக்கு முக்கா, புதுசுக்குக் கால். வந்தவங்க மொதல்ல வராந்தாவுல உக்காரட்டும், நல்லவங்களா இருந்தா உள்ள கூப்பிடுவோம்" என்றார். ஃபைல்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்தோம். சாஃப்ட்வேரை மட்டும் எடுக்க வழியில்லை. இடம் பிரிக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸ் மொத்தமாகப் போகலாம் என்று வீடியோக்காரர் எச்சரித்திருந்தார். யுபிஎஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அதன் பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கினாலே அதிகம் என்பதை மறந்துவிட்டோம்.

ஆள் வராத நேரம் வேண்டுமென்று வெள்ளிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தோம். அன்று மட்டும் அக்கா சாப்பிடப் போகவில்லை. இடம் எவ்வளவு பிரிந்தது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. பாங்கு கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்பதுதான் என்பதால் எங்கள் காதில் அது விழவே இல்லை. அடுத்த நிமிடம் ஃபேன் நின்றது, லைட் அணைந்தது, யுபிஎஸ் அலறியது. வெளியே ஓடிப் பார்த்தால் பாய் கடையில் பூட்டு. மெயின் உள்ளே. பாயின் போன் அணைந்திருந்தது. தொழுகைக்குப் போகிறவர் போனை அணைக்கத்தானே செய்வார்? நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அக்கா உள்ளே ஓடினார். மேலே இருந்த மஞ்சள் ஒயரை இழுத்தார். "நீ கோட்டப் பாரு" என்று சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடையை நோக்கிச் சாலையில் இறங்கினார்.

ஒயர் மட்டுமட்டாகத்தான் எட்டியது. டீக்கடைக்காரர் பிளக்கைச் செருக, நான் யுபிஎஸ்ஸை இந்த முனையில் மாட்ட, அலறல் அடங்கியது. ஆனால் ஒயர் தரையில் படியாமல், சாலையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு விறைத்து நின்றது. சைக்கிள்காரர்கள் இறங்கித் தாண்டினார்கள். அப்போதுதான் பஸ் வந்தது, மறுநாள் சனிக்கிழமைக்கு நளன் குளத்தில் முழுகப் போகிறவர்களை அடைத்துக்கொண்டு. அக்கா ஒயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கடை வாசல் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏம்மா, ஒயரக் கழட்டுங்கம்மா, பஸ்ஸு போவணும்ல" என்று கண்டக்டர் கத்தினார்.

"கழட்ட மாட்டேன். என் பொழப்பு அதுல போய்க்கிட்டிருக்கு. கொஞ்சம் நில்லுங்க."

"சாமி கும்புடப் போற ஜனங்கம்மா!"

"சனீஸ்வரன் என்ன பஸ்ஸ புடிச்சு ஓடிடவா போறாரு? அவரே நிதானமாப் போறவருதான். நீங்களும் நிதானமாப் போங்க."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அக்கா இடுப்பில் கை வைத்தபடி அந்தச் சத்தத்துக்கு எதிரே நின்றார். நரைத்த தலை, சாப்பிடாத வயிறு, நடுச்சாலை வெயில். அவரை அந்தச் சமயம் யாராலும் நகர்த்தியிருக்க முடியாது. பஸ்ஸாலும் முடியாது, பாரிஸாலும் முடியாது. கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிந்ததும் நான் தொண்டை கிழியக் கத்தினேன். "பிரிச்சாச்சுக்கா!" அவர் ஒயரைக் கழற்றி, பஸ்ஸுக்குக் கையால் வழி காட்டினார். பஸ் போனதும் மறுபடி செருகினார்.

தொழுகை முடிந்து வந்த பாய்க்கு விஷயம் தெரிந்து முகம் செத்துவிட்டது. "நாந்தான்மா மெயின எறக்குனேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று புலம்பினார். "நீங்க எறக்கலன்னா இவ்வளவு பெரிய காரியம் பண்ணுனது ஊருக்குத் தெரியாமப் போயிருக்கும் பாய்" என்றார் அக்கா. வேலையெல்லாம் முடிந்து மிஷின் அணைந்து திரும்ப எழுந்தபோது, கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். மேலே லினக்ஸ். கீழே விண்டோஸ். அக்கா கீழ் வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய், பத்திரிகை எழுத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்தார். சாயங்காலம் மகன் போனில் கேட்டார், மிஷின் என்னம்மா ஆச்சு என்று. அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஓடுது." அதைச் சொன்ன தோரணையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதன் பிறகும் பல வருடம் ஓடியது. அவரும் இங்கேயே இருந்தார். போன ஐப்பசி மழையில், தலத்தெரு வீட்டில், ஒருநாள்கூடப் படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, மகன் கடையைக் காலி செய்ய வந்தார். நானும் போயிருந்தேன். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவர் மிஷினின் பட்டனை அழுத்தினார். அசைவில்லை. "பாத்தீங்களா, இதுவும் போயிடுச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாங்க்கா. சாவிய ஓனர்ட்ட குடுத்துடறேன்" என்றார்.

அன்றும் வெள்ளிக்கிழமை. பாங்கு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எங்களைக் கேட்காமல் மெயினை இறக்குவதில்லை என்று பாய் அந்த நாளிலிருந்து வைத்திருந்த கட்டுப்பாடு, கடை பூட்டிக் கிடந்ததால் அவருக்கு மறந்திருக்கும்; மெயினை இறக்கிவிட்டுப் போயிருந்தார்.  ஆணியிலிருந்து மஞ்சள் ஒயரை எடுத்தேன். சாலையைக் கடந்து டீக்கடையில் செருகிவிட்டு வந்து, இந்த முனையில் மிஷினை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். மிஷின் முனகியது, கறுத்தது, இரண்டு வரிகளைக் காட்டியது.

"தம்பி, ஒங்கம்மா ஒங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"மிஷின் ஓடுற வரைக்கும்..." என்று ஆரம்பித்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சாவியை மேஜைமேல், என் பக்கமாக வைத்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. திருநள்ளாறு பஸ். நான் எழுவதற்குள் அவர் எழுந்து ஓடினார். முழங்கால் உயரத்துக்கு நின்ற அந்த மஞ்சள் ஒயருக்கு முன்னால் போய், பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார், "எங்கம்மா மிஷின் ஓடுது."