பூஜையில் வைத்த பெட்டி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படிப்பு, அதிலும் நடவு மாதங்களில் பள்ளிக்கூடம் போனதில்லை. இப்போது மறதி வேறு. காலேஜிலிருந்து வந்தவர்கள் நடந்ததை வாயால் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழும்பாது. அதனால் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு கொள்ளிடக் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த இலவச டிவி எல்லா வீட்டிலும் ஓடியது. செல்போனுக்குத்தான் சிக்னல் கிடையாது. அவசரம் என்றால் கரைமேல் ஓடி நின்று பேச வேண்டும். அதற்கு வழி பார்க்கத்தான் காலேஜிலிருந்து ஒரு வாத்தியாரும், ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்ணும் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். கம்பி எதுவும் இல்லை. ஒரு பெட்டி சொல்வதைப் பக்கத்து வீட்டுப் பெட்டி வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். உடம்புக்கு ஏதாவது என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரியும், ஆம்புலன்ஸுக்குச் சேதி போகும் என்றார்கள்.

“தெருவுக்குள்ள சேதி ஓடிரும்மா. இன்டர்நெட்டுக்குப் போகத்தான் ஒரு வாசல் வேணும். டவர் எட்டுற மேட்டுல ஒரு பெட்டி நிக்கணும்” என்றது அந்தப் பெண்.

மேடு என்று இருந்தது பெரிய வீட்டுக்காரரின் மோட்டார் கொட்டகை ஒன்றுதான். அதைச் சுற்றிய நிலத்தை என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதவர்கள் நாங்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அந்த நிலம் யார் யார் பெயருக்கோ மாறியது. பட்டா கேட்டோம். அடிதடி நடந்து கேஸானது.

“கேஸ் நடக்குற எடம். ஒரு ஆணி அடிச்சாலும் கோர்ட்டுக்குப் போவேன்” என்றார் அவர். எங்கள் ஆட்களும் விடவில்லை. “அவரு கொட்டாயில நம்ம பெட்டி எதுக்கு?”

கடைசியில் அந்தப் பெட்டியைத் தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கியிருந்த டிராக்டரில் கட்டினார்கள். அதை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். வேலை இல்லாத நேரத்தில் டிராக்டரைக் கரைமேல் நிறுத்துவார்.

அதிலும் தொல்லை இருந்தது. “வாசலே நடந்துக்கிட்டு இருக்குங்க ஐயா. சேதி அதைத் தேடிப் போகணும். வெளியேர்ந்து வர்ற பதில் பழைய எடத்துக்கே போயி நிக்குது. இதைத்தான் ஆராய்ச்சி பண்றோம்” என்றது பெண்.

“அப்ப பதிலையும் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்துரவா?” என்றார் இவர். அந்தப் பெண் வெகுநேரம் சிரித்தது.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டரைக் கழுவி எங்கள் தெருக் கொட்டகையில் நிறுத்தினார். அதிலிருந்த பெட்டியைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, அரிவாள், மண்வெட்டி பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசினார்.

“மாமா, அதுக்கு வேட்டி கட்டி விடலியா?” என்று கேட்டாள் என் ஓரகத்தி.

“வருசம் பூரா ஒழைக்குதுல்ல? ஒரு நாளு சும்மா கெடக்கட்டும்.”

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்போம். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் மழை பிடித்தது. மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் காலில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். “நல்லது கடிச்சிருச்சு” என்றார். நல்ல பாம்பை அப்படித்தான் சொல்வோம். நான் பொத்தானை அழுத்தினேன். பச்சை எரிந்தது. ஓரகத்தி ஓடிப்போய் அவள் வீட்டிலும் அழுத்தினாள். அங்கும் பச்சை. முன்பென்றால் யாராவது கரைக்கு ஓடியிருப்பார்கள். அன்று ஒருவரும் ஓடவில்லை. வண்டி வந்து நிற்கத் தோதாக மதகடிக்குக் கட்டிலைத் தூக்கிப்போய் அவரைக் கிடத்தி, குடை பிடித்து நின்றோம்.

“பச்சை எரிஞ்சிருச்சுல்ல, வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அவருக்கு இமை தொங்கிவிட்டது. நாக்குக் குழறியது. என் கையைப் பிடித்து இழுத்தார். “பெட்டி... சாமிக்கிட்ட இருக்கு, புள்ள.”

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அவர் ஓட்டிய டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். என் கொழுந்தனார்தான் ஓட்டினார். திருப்பனந்தாள் ரோட்டைத் தொட்டபோது என் மடியில் தலை கனத்தது. திருப்பிக்கொண்டு வந்தோம்.

பெரிய வீட்டுக்காரர் மாலை கொடுத்தனுப்பினார். கேஸ் இன்னும் நடக்கிறது.

துக்கத்துக்கு வந்த வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பச்சைன்னா பக்கத்துப் பெட்டி வாங்கிக்கிச்சுன்னுதாம்மா அர்த்தம். வெளிய போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. அதை நாங்க வெளக்கிச் சொல்லாம விட்டுட்டோம்.”

சாமி குத்தம் என்றார்கள் தெருவில். அவர் சாமிக்கு மரியாதைதான் செய்தார்.

இப்போது இன்னொரு ஊரில் புதுப் பெட்டி வைக்கப் போகிறார்களாம். பெட்டி வேலை செய்கிற விதத்தை நான் தப்பாக எழுதியிருந்தால் அந்தப் பெண் திருத்தட்டும். என் வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்னது இதுதானா என்று ஓரகத்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவளும் கட்டிலோரம்தான் நின்றாள். அந்த ஊரில் பெட்டி கொடுப்பதற்கு முன்னால், மேட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு ஒரு வீட்டில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போதும் பச்சை எரிகிறதா என்று யாராவது பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.