விளக்குக்கா, சமையலுக்கா?

ஸ்ரீரங்கத்தில் மரச்செக்குக் கடை வைத்திருப்பவரிடம் நல்லெண்ணெய் கேட்டால் எவ்வளவு என்று கேட்கமாட்டார். விளக்குக்கா, சமையலுக்கா என்றுதான் கேட்பார். கோயிலைச் சுற்றிக் கடை போட்டவர் வேறெப்படிக் கேட்பார். நான் பொன்மலையிலிருந்து கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்த கடுப்பில் இருந்தேன். விளக்குக்கு என்றேன். அவர் என் தொப்பியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார்.

"உங்க வீட்ல விளக்கு ஏத்துறீங்களா பாய்?"

எங்கள் வீட்டில் இல்லை, பைத்துல் முகத்தஸில் என்றேன். உறையூர்ப் பக்கமா என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை நீட்டினேன். விளக்குக்கு என்று விற்கிற மட்ட எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி மோந்து பார்த்தாள், மூடினாள், திருப்பி என் கையில் கொடுத்தாள். நாம் வாயில் வைக்காததை அங்கே அனுப்புவதா என்றாள். மறுபடியும் சத்திரம், மறுபடியும் பஸ். இந்த முறை சமையல் எண்ணெய்.

எல்லாம் பெண்களுக்கான பயானில், ஹதீஸ் சொல்லும் கூட்டத்தில், இவள் கேட்டுவிட்டு வந்த வினை. ஒரு பெண்மணி நபிகள் நாயகத்திடம் எருசலேமில் இருக்கிற பைத்துல் முகத்தஸ் பள்ளிவாசலைப் பற்றிக் கேட்டாராம். அங்கே போய்த் தொழுங்கள், போக முடியாவிட்டால் அங்குள்ள விளக்குகளுக்கு எண்ணெயாவது அனுப்புங்கள், அது போய் வந்த மாதிரிதான் என்று பதில் கிடைத்ததாம். நான் ரிட்டையர் ஆன கையோடு நாங்கள் மக்காவையும் மதீனாவையும் பார்த்துவிட்டோம். பயணம் கட்டிப் போக வேண்டிய பள்ளிவாசல்கள் மூன்று. மூன்றாவதுக்கு முன்னால் அவளுடைய கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினோடு கட்டிப்போடப்படுகிறவள் திருச்சியை விட்டு எங்கே போவது.

நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். சும்மா இருப்பேனா. அங்கேயெல்லாம் எல்.இ.டி. போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், உன் கால் லிட்டர் எண்ணெய்க்கா காத்துக் கிடக்கிறார்கள் என்று கேட்டேன்.

"கரண்ட் இருக்குன்னு எனக்கும் தெரியுங்க. அனுப்பச் சொல்லியிருக்கு. அனுப்பணும்."

கொண்டுபோக ஆளும் அவளே பார்த்து வைத்திருந்தாள். எதிர்வீட்டு டீச்சர். கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில். சர்ச்சிலிருந்து எருசலேமுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று பேர் கொடுத்திருந்தார். ஆண்டவர் பாடுபட்ட வழியில் நடந்து, அவரை வைத்த கல்லறையைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் அந்த ஊரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். மக்காவை நோக்கித் தொழ ஆரம்பிக்கும் முன் எங்களுக்கு முதல் கிப்லா, தொழும் திசை, அதுதான், எங்கள் ரசூலை ஒரே ராத்திரியில் அங்கே அழைத்துப்போய், எல்லா நபிமார்களும் பின்னால் நிற்கத் தொழவைத்து, அங்கிருந்துதான் வானத்துக்கு ஏற்றினான் அல்லாஹ் என்பாள் இவள். ஈசா நபியும் அந்த ஜமாத்தில் நின்றார்கள் என்று வேறு சேர்த்துக்கொள்வாள். எங்கள் ஆண்டவரையும் வரிசையில் நிறுத்திவிட்டீர்களா அக்கா என்று டீச்சர் சிரிப்பார். யூதர்களுக்கும் அதுதான் புண்ணிய பூமி, எல்லாருக்கும் ஒரே ஊர் என்றால் எப்படித்தான் சமாளிப்பது என்று பெருமூச்சும் விடுவார்.

அந்தப் பக்கமெல்லாம் ஒலிவ மரம்தான், அங்கே போய் நல்லெண்ணெயா என்று டீச்சர் ஒரு முறை கேட்டார். நம் வீட்டில் எது இருக்கிறதோ அதைத்தானே அனுப்பமுடியும் என்றாள் இவள். பள்ளிவாசலுக்குள் கொண்டுபோக டீச்சரை விடமாட்டார்கள் என்பதால், வாசல் வரை போய், தொழப் போகிற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. பாட்டில் மூடியில் மெழுகு உருக்கி ஒட்டி, மூன்று கவரில் சுற்றி, டீச்சருடைய பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்தார்கள். அன்றைக்கு என் மனைவி முகத்தில் இருந்த களையைப் பார்த்து நானே வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அங்கே சண்டை மூண்டுவிட்டது. பயணம் ரத்து.

டீச்சர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் நான் கேட்டேன். நிய்யத் வைத்தாயிற்று, மனசில் நினைத்ததற்கே கூலி கிடைத்துவிடும், எண்ணெயை இங்கேயே நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துங்கள் என்றார். ஆறுதலாக இருக்கும் என்று ஓடிவந்து சொன்னேன். நிய்யத் இருக்கிறது, விளக்கு எரியவில்லையே என்றாள் என் மனைவி. பாட்டில் அடுப்படி அலமாரியில் ஏறியது. வழி திறக்கட்டும் என்றாள்.

வழி எங்கே திறந்தது. எண்ணெய்தான் காறல் வாடை அடித்தது. வழி திறக்கிற அன்றைக்குக் கெட்ட எண்ணெயா கையில் இருப்பது என்று அவள் மாற்றச் சொன்னாள். மறுபடியும் ஸ்ரீரங்கம் போனேன். பழையதை டீச்சர் வாங்கிப்போய் அவர்கள் கெபியில் மாதா முன்னால் ஏற்றினார். அங்கேயும் எரியட்டும், ஆனால் இது கணக்கில் சேராது என்று என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வாடை வரும், மாற்றுவேன். செக்குக்காரர் என்னைக் கண்டதும் விளக்குக்குத்தானே பாய், நல்லதாகவே தருகிறேன் என்பார். ஒருமுறை, இன்னும் போய்ச் சேரவில்லையா என்று கேட்டார். பஸ் கிடைக்கவில்லை என்றேன்.

நடுவில் ஒரு தடவை பயணம் மறுபடி ஏற்பாடாகி, டீச்சர் பெட்டியை இறக்கித் துடைத்து, அதுவும் நின்றுபோயிற்று. என் மனைவி இளைத்துக்கொண்டே வந்தாள். மெஷினில் படுத்திருக்கிற நேரமெல்லாம் போனில் சத்தத்தை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்துப் படங்களையே பார்ப்பாள். வேண்டாம் என்று பிடுங்கியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவிக்கொடுப்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும். ஒர்க்‌ஷாப்பில் எந்த மோட்டார் நின்றாலும் ஓட வைத்தவன் நான். அங்கே ஒன்றுக்கும் உதவாதவனாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் போனை என் பக்கம் திருப்பினாள். இடிந்த சுவர் ஓரம் ஒரு பெண் பழைய துணியைக் கொளுத்தி எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் காலி ஏனத்தோடு சுற்றி நின்றன.

"விளக்குக்குன்னு சேத்து வெச்சேங்க. அங்க அடுப்புக்கே எண்ணெய் இல்லையாம்."

இது பைத்துல் முகத்தஸ் இல்லை, கொஞ்சம் தள்ளி என்றேன். சொன்ன பிறகுதான் செக்குக்காரரிடம் சொன்ன அதே வார்த்தை என்று உறைத்தது. அந்த மண்ணுதானே என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போனேன். செக்குக்காரர் வழக்கம்போல் சின்னப் பாட்டிலுக்குப் புனலை எடுத்தார். சமையலுக்கு என்றேன். பெரிய கேனைக் காட்டினேன். என்ன பாய் விசேஷம் என்றார். ஒன்றுமில்லை என்றேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. அறுபது தாண்டியவன் எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். அலமாரியில் பாட்டிலுக்குப் பக்கத்தில் கேனைப் பார்த்தார். அவரிடம் எல்லாம் சொன்னோம். விளக்கு எண்ணெய்க்கே வழியில்லை, இதை யார் உள்ளே விடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். என் மனைவி தெரியும் டீச்சர் என்றாள். வாங்கி வைப்பதையாவது செய்யவேண்டுமே என்றாள். டீச்சர் அவள் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினார். இவள் ஆமீன் சொன்னாள்.

டீச்சர் போன பிறகு நான் தலையணையைச் சரிசெய்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் போனப்புறமும் வாடை வர விடாதீங்க. ரெண்டையும் மாத்திக்கிட்டே இருங்க."

சரிம்மா என்றேன்.