ஒற்றைப் பெடல் வண்டி

வழக்கு நடத்துவதை யாரும் தொழில் என்று சொல்வதில்லை. ஆனால் காலையில் குளித்து, சோறு கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் வேலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அறுபதுகளில் சில வருஷம் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். வீடு சிதம்பரத்தில், வேலை பார்த்த இடம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு. வாய்தாவுக்கு அலைந்து செருப்பு தேய்ந்தவர்கள் இதைப் படித்தால் என்னையும் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு செருப்புத்தான் தேய்ந்தது என்பது ஒன்றே வித்தியாசம்.

அதற்கு முன் எனக்கு இருந்த தொழில் ரொட்டி போடுவது. சிதம்பரத்தில் ஒரு பாய் வைத்திருந்த ரொட்டிக்கடையிலிருந்து பன், பொறை, வர்க்கி எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் கீரப்பாளையம் வரை உள்ள டீக்கடைகளுக்குப் போட்டுவருவேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. தரையில் நடந்தால் முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பேன். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. இடது பெடலைத் தண்டோடு கழற்றிவிட்டு, அந்தக் காலை வைத்துக்கொள்ள வண்டிச் சட்டத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் பற்றவைத்திருந்தேன். வலது பெடலில் ஒரு தோல் வார் உண்டு. வலது காலே மிதிக்கும், அதுவே பெடலை மேலே இழுக்கும். எங்கள் பக்கம் மேடு கிடையாது. ஆகவே இரண்டு கால் உள்ளவர்கள் போகிற வேகத்தில் நானும் போனேன்.

ஒரு மழைக்காலக் காலையில், மதகுக்குப் பக்கத்தில், பின்னால் வந்த பஸ் உரசித் தள்ளியதில் வலது முழங்கால் நொறுங்கியது. எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. மடங்காத கால் பெடல் மிதிக்காது. ரொட்டிக்கடைக்குள் இருந்ததெல்லாம் நின்று செய்கிற அடுப்பு வேலை. என் மனைவி பார்வதி ரைஸ்மில்லில் நெல் அவிக்கப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் அவள் வரும்போது கண் இரண்டும் புகையில் சிவந்திருக்கும். நஷ்டஈடு வந்தால் ஒரு பெட்டிக்கடை வைத்து அவளை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்பதுதான் என் யோசனை. வழக்கு அதற்காகத்தான்.

எந்தக் கால்?

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்தபோது எனக்குப் பாதி மயக்கம். வழியில் யாரோ ஒரு புண்ணியவான் வலது முழங்காலைத் துண்டால் இறுக்கிச் சுற்றிவிட்டிருந்தார், ரத்தம் வெளியே தெரியவில்லை. கட்டுப் போடுகிறவர் வந்தார். வேட்டியை விலக்கி இடது காலைப் பார்த்தார். "அடப்பாவமே" என்றார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவருமாகச் சேர்ந்து அந்தக் காலுக்குப் பலகை வைத்துத் துணி சுற்றத் தொடங்கினார்கள்.

"ஐயா, அந்தக் கால் இல்லீங்க. அது சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்ல மாட்டியா? ரெண்டுல எது மோசமோ அதத்தானேய்யா பாக்க முடியும்!"

அப்போது அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். என் வழக்கு முழுவதையும் அவர் அந்த ஒரு நிமிஷத்தில் நடத்திக் காட்டிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நமக்கு எதிரி

கடலூரில் எனக்கு அமைந்த வக்கீல் நல்ல மனிதர். வெற்றிலை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். எதிர்க்கட்சியின் பதில் வந்த அன்று என்னை வரச்சொல்லிப் படித்துக் காட்டினார். பஸ்காரர்களின் இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுதியிருந்தது இதுதான்: மனுதாரரின் இடது கால் ஊனம் விபத்தில் வந்தது அல்ல, முன்பே உள்ளது. அப்படிப்பட்டவர் சைக்கிள் ஓட்ட முடியாது. ஆகவே அவர் ரொட்டி போட்டார் என்பது பொய். சாலையில் தடுமாறி நடந்து தானாகவே பஸ்ஸின் பக்கத்தில் விழுந்திருக்கிறார். சம்பாதிக்காத ஆளுக்குச் சம்பாத்தியம் போயிற்று என்று நஷ்டஈடு கேட்க வழி இல்லை.

"ஓட்டிக் காட்டறேங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வக்கீல் என் வலது காலைப் பார்த்தார். ஓட்டிக் காட்ட வேண்டிய கால் அது. நானும் பார்த்தேன். அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "ரெண்டு காலும் நல்லா இருந்து ஒண்ணு போயிருந்தா கேஸு சுத்தமா இருந்திருக்கும். பஸ்காரன் நமக்கு எதிரி இல்லய்யா. உன் இடது கால்தான் நமக்கு எதிரி."

நம்ம கேஸு

சிதம்பரத்திலிருந்து கோர்ட்டு நேரத்துக்குக் கடலூரில் கொண்டுவிடுகிற பஸ் ஒன்றுதான். அது என்னை உரசிய கம்பெனியின் பஸ். முதல் தடவை ஏறும்போது கூச்சமாக இருந்தது. கண்டக்டருக்கு என்னைத் தெரிந்திருந்தது. டீக்கடைகளில் என் பன் தின்றவன். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு, "உக்காருங்கண்ணே, கால நல்லா நீட்டிக்குங்க. நம்ம கேஸுக்குத்தானே?" என்றான்.

"கேஸு உங்க மொதலாளி மேலதாம்பா" என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதே உபசாரம் நடந்தது. டிக்கெட்டை மட்டும் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. கிழித்துக் கையில் கொடுக்கும்போது குனிந்து, டிரைவருக்குக் கேட்காமல் சொல்வான்: "பத்திரமா வெச்சுக்குங்கண்ணே. வழிச்செலவுன்னு சொல்லி எங்க மொதலாளிகிட்டயே வாங்கிப்புடலாம்."

மூன்று குரல்

கோர்ட்டில் வழக்கைக் கூப்பிடுகிறவர் டவாலி. வராந்தாவில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது குரலுக்குள் ஆள் உள்ளே நிற்க வேண்டும். இது கால் உள்ளவர்களுக்கு ஏற்பட்ட சட்டம். ஒரு வாய்தா அன்று நான் வராந்தாவின் அந்தக் கோடியில் வேப்பமர நிழலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதல் குரலுக்கே கக்கத்துக் கட்டைகளை ஊன்றி எழுந்துவிட்டேன். கதவுக்கு நான் வந்து சேர்ந்தபோது என் வழக்கு தள்ளுபடியாகி, அடுத்தவர் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். பிறகு அவர் மனுப் போட்டு அதை மறுபடி எடுக்கவைப்பதற்குள் மாம்பழக் காலம் போய் மழைக்காலம் வந்துவிட்டது. அதுவரை பார்வதி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

டவாலிக்கு என்மேல்தான் வருத்தம். "மொதக் குரலுக்கே கெளம்பக் கூடாதா?" என்றார். "மொதக் குரலுக்குத்தாங்க கெளம்பினேன்" என்றேன். அவர் வராந்தாவின் நீளத்தை ஒருமுறை பார்த்தார். என் கட்டைகளைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சரி வுடு. இனிமே நான் நிறுத்தி நிறுத்திக் கூப்புடறேன். நீ நிறுத்தாம வா."

இறங்கினால்தானே தெரியும்

நான் சைக்கிளில் ரொட்டி போட்டதைச் சொல்லப் பாய் வந்தார். முதலாளியும் ஆளும் ஒன்று என்று எதிர் வக்கீல் அவர் பேச்சை ஒதுக்கிவிட்டார். அதனால் கீரப்பாளையம் சாலையில் டீக்கடை வைத்திருந்த நாராயணசாமியைச் சாட்சிக்குக் கூட்டிவந்தோம். நல்ல வெள்ளை வேட்டியில் வந்தார். தினமும் இவர் சைக்கிளில் வந்து பன் போட்டதைப் பார்த்தேன் என்று தெளிவாகச் சொன்னார். என் வக்கீல் முகம் மலர்ந்தது.

எதிர் வக்கீல் மெட்ராஸிலிருந்து வந்தவர், அதட்டாமல் பேசுவார். "இவருக்கு இடது கால் சூம்பினது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாதுங்க. இங்க வந்துதாங்க பாக்கறேன்." எதிர் வக்கீல் ஜட்ஜைப் பார்த்துப் புன்னகை செய்தார். தினமும் பார்த்தவருக்கு ஊனம் தெரியவில்லை என்றால், வந்தது வேறொரு ஆள் என்றுதானே அர்த்தம்? நாராயணசாமிக்குத் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது புரிந்தது. எது என்று புரியவில்லை. கூண்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து முறையிட்டார்: "வண்டிய வுட்டு எறங்கவே மாட்டாருங்க. ஓரமா மதகுல கால ஊணிக்கிட்டு மணி அடிப்பாரு, நாங்க போயி பன்னு எடுத்துக்குவோம். எறங்குனாத்தானேங்க தெரியும்!"

மச்சான் செய்த உபகாரம்

அன்று வெளியே வந்ததும் வக்கீல், "இனிமே அந்தச் சைக்கிள்தான்யா நமக்குச் சாட்சி. இடது பெடல் இல்லாத வண்டிய ரெண்டு கால் உள்ளவன் எவனும் ஓட்ட மாட்டான். ஜட்ஜ் கண்ணால பாத்தாப் போதும். கொண்டா" என்றார். போலீஸார் திருப்பிக் கொடுத்த வண்டியைக் குறிஞ்சிப்பாடியில் என் மச்சான் கோவிந்தன் வீட்டில் போட்டுவைத்திருந்தேன். பார்வதியின் தம்பி, அங்கே சைக்கிள் கடையில் வேலை. அடுத்த வாய்தாவுக்கு வண்டி கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். காரணத்தைச் சொல்லி அனுப்பத் தோன்றவில்லை.

வாய்தா அன்று காலை கோவிந்தன் வந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு அல்ல, ஓட்டிக்கொண்டு. கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. புது மணி. தோல் வாரைக் காணோம். கால் வைக்கிற தகட்டை அறுத்து, ராவி, இருந்த அடையாளமே தெரியாமல் பெயிண்ட் அடித்திருந்தான். இடது பக்கம் புத்தம் புதுப் பெடல். கைக்காசு போட்டு, ராவும் பகலும் செய்த வேலை. என் வக்கீல் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார், பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன் மாமா, புடிக்கலயா? கல்யாணத்துக்குப் போனா நல்ல சட்ட போட்டுக்கிட்டுப் போறதில்லயா?"

அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பெட்டிக்கடை போயிற்று என்று மட்டும் நினைத்தேன்.

சாதாரண வண்டி

கொண்டுவருகிறோம் என்று சொல்லியாயிற்று, காட்டாமலிருக்க முடியாது. வண்டியை உள்ளே நிறுத்தினார்கள். கோவிந்தன் கூண்டில் ஏறினான். இது மனுதாரர் வண்டி என்பதை மட்டும் அவன் வாயால் சொல்லவைத்துவிட்டு என் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எதிர் வக்கீல் எழுந்து வந்து, விரலால் இடது பெடலைச் சுற்றிவிட்டார். அது அழகாகச் சுற்றியது. இவ்வளவு சுலபமான நாள் அவருக்கு அடிக்கடி வாய்த்திருக்காது. உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்: "ஆக, இது எல்லாரும் ஓட்டுகிற சாதாரண வண்டிதானே?"

கோவிந்தனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த வண்டியை ஒருவரும் பாராட்டவில்லை, இப்போது இதுவும். "சாதாரண வண்டியா? இத சாதாரண வண்டி ஆக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தாங்க தெரியும்!" என்றான். ஜட்ஜ் பேனாவை நிறுத்தினார். "என்ன பாடு?" என்று கேட்டார். எதிர் வக்கீல் குறுக்கே வந்தார். ஜட்ஜ் கையால் அமர்த்தினார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கோவிந்தன் ஒன்று விடாமல் சொன்னான். இடது பக்கத் தண்டே இல்லாமல் இருந்ததை, வலது பெடலில் வார் தைத்திருந்ததை, தகட்டை அறுக்கும்போது வாள் உடைந்ததை, அறுத்த துண்டு கடையில் இன்னும் கிடப்பதை, இவர் வண்டியை வேறு எவனும் இரவல் கேட்டதில்லை என்பதை. அடுத்த வாய்தாவில் அந்தத் துண்டும் கோர்ட்டுக்கு வந்தது.

"எதற்காக மாற்றினாய்?" என்று அன்றைக்கே ஜட்ஜ் கேட்டார். கோவிந்தன், இதையெல்லாம் கேட்பார்களா என்பதுபோல அவரைப் பார்த்தான். "கோர்ட்டுக்கு வர்ற வண்டி நொண்டியா வரலாங்களா? மாமா வரலாம், அவருக்கு வேற வழி இல்ல."

பார்வதி சொன்னது

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பெட்டிக்கடைக்குப் போதும். பார்வதி மில்லிலிருந்து நின்றாள். பாய் முதல் நாள் சரக்காக ஒரு தட்டு வர்க்கி அனுப்பி, "இன்ஷா அல்லா, இனிமே டீக்கடைக்காரன் உன்னத் தேடி வரட்டும் தம்பி" என்று சொல்லி அனுப்பினார்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. ரொட்டி மடிக்கிற பழைய பேப்பர்களைப் படித்துப் படித்து நானாகக் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அதை எழுத்துக்கூட்டிப் பார்வதிக்குச் சொன்னேன். ஒரு கால் இல்லாவிட்டாலும் மனுதாரர் இரண்டு கால் உள்ளவருக்குச் சமமாக உழைத்துச் சம்பாதித்தார் என்று ஒரு வரி வந்தது. அதைப் பெருமையாக இரண்டு தடவை படித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்கா இத்தன வாய்தா? என்னக் கூண்டுல ஏத்தியிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்குமே."

அவள் போய் வெகுநாள் ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு நகல் மட்டும் இன்னும் இருக்கிறது, ஒற்றைக் காலில் நான் முழு ஆளாக இருந்தேன் என்று சர்க்கார் முத்திரையோடு எனக்குக் கிடைத்த ஒரே சான்று அது, அதை வாங்குவதற்கு அந்த ஒற்றைக் காலையும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.