பதினொரு பேர் எழுதிய மத்தாப்புக் கட்டுரை

பாண்டிலட்சுமிக்கு முப்பத்தொரு வயது. ஏழாயிரம்பண்ணைக்காரி. அப்பாவும் அம்மாவும் பட்டாசு கம்பெனி வேனில் ஏறிப் போய் உழைத்துத்தான் அவளைப் படிக்க வைத்தார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக வேதியியல் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு ஆய்விதழ்க் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் சனிக்கிழமை வகுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வந்த ஏழு பேரில் நான்கு பேர் அவளைவிட மூத்தவர்கள்.

அவர்களில் மணிகண்டராஜ் கம்பி மத்தாப்பில் புகையைக் குறைப்பது பற்றி ஆராய்ந்தவன். நாரணாபுரத்தில் அவர்களுக்குச் சொந்தப் பட்டாசு ஆலை உண்டு. அவன் கொண்டுவந்த கட்டுரையில் 'உலகிலேயே முதன்முறையாக' என்று ஆறு இடத்தில் இருந்தது. ஆறையும் அடித்தாள்.

"அப்படிச் சொன்னாத்தானே மேடம் சரக்கு போகும்?"

"எம்புட்டுப் புகை குறைஞ்சுச்சு?"

"பதினெட்டு சதவீதம்."

"அதை மொதல்ல எழுதுங்க."

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் தலைப்புக்குக் கீழே ஆசிரியர்களாகப் பதினொரு பெயர்கள். வழிகாட்டிப் பேராசிரியர், அப்பா ரத்தினசாமி, சித்தப்பாக்கள், வரப்போகும் மாமனார், கல்லூரி முதல்வர் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி நீண்டது. ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று எழுதி வரச் சொன்னாள்.

அடுத்த வாரம் ரத்தினசாமியே வந்துவிட்டார்.

"இடம் குடுத்தது நானு, மத்தாப்பு மருந்து குடுத்தது நானு. எம்பேரு வேண்டாமாக்கும்?"

"அதுக்கு கடைசியில நன்றி சொல்லலாம் அய்யா. மேல பேரு போட்டா, ஜெர்மனிக்காரன் எவனாச்சும் கேள்வி கேப்பான். நீங்கதான் பதில் சொல்லணும்."

ரத்தினசாமி யோசித்தார். "அப்ப எந்தம்பிமாரு பேரையும் எடுத்திருங்கம்மா. அவுகளுக்கு எதுக்கு வம்பு?"

சம்பந்தியின் பெயரை எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.

"தினமும் அளவு எடுத்தது யாரு?" என்று கேட்டாள். மணிகண்டராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: செல்லச்சாமி. ஆலையில் மத்தாப்பு காயப்போடுகிறவர். நூற்றுப் பன்னிரண்டு நாள் புகை மீட்டர் பார்த்துக் குறித்திருந்தார். மேகம் போட்டால் புகை கூடுகிறது என்று முதலில் சொன்னதும் அவர்தான். பதினொன்றில் அவர் பெயர் இல்லை.

பாண்டிலட்சுமி அவரை வரவழைத்து, கட்டுரை முழுவதையும் தமிழில் சொன்னாள். பாதியில் அவர் கையைத் தூக்கினார்.

"நாப்பத்தோராம் நாளு நல்ல மழைம்மா. கம்பெனியே லீவு. அங்கன எப்படி அளவு வந்துச்சு?"

மணிகண்டராஜ் மின்விசிறியைப் பார்த்தான். அன்றைய எண்ணை அவனே சும்மா நிரப்பியிருந்தான். அதை எடுத்ததும் சராசரி பதினேழரைக்குச் சற்றுக் கீழே இறங்கி, பதினெட்டு பதினேழானது.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"என் பேரை எடுத்துட்டீங்களாமே?"

"நீங்க செஞ்ச வேலையை எழுதச் சொன்னேன் சார். மணிகண்டராஜ் அதுல ஒண்ணும் எழுதலை."

"அனுமதி குடுத்தேனே!"

"நன்றியில போட்டிருக்கோம் சார்."

வேலை போகவில்லை; வகுப்புதான் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குப் போயிற்று.

இரண்டு முறை திருத்தி அனுப்பியபின் கட்டுரை மணிகண்டராஜ், வழிகாட்டிப் பேராசிரியர் உட்பட மூன்றே பெயர்களோடு வெளிவந்தது. செல்லச்சாமி வேர்க்க விறுவிறுக்க அந்த அறைக்கே வந்தார். பாண்டிலட்சுமி செல்போனில் மூன்றாவதாக இருந்த அவர் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐப்பசி அடைமழையில நாம அளந்து பாக்கலையேம்மா," என்றார். "இந்த வருசம் பாத்துருவோமா?"