மகன் சொன்ன ஒரே பொய்

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவில், சான்டா கிளாராவில் இருந்தோம். பதினைந்து வயது மகனுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது. போதைப்பொருள் உறிஞ்சுகிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதவைத்தேன். “உண்மையைச் சொல்லுடா.”

“ஐ டோன்ட் டூ டிரக்ஸ், அப்பா.”

ஓங்கி அறைந்தேன். ரத்தம் கொட்டியது. துண்டு முழுக்க நனைந்தும் நிற்கவில்லை. மனைவி என்னைத் தள்ளிவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், மூக்கின் பின்புறம் கட்டி இருப்பதாகச் சொன்னார். புற்றுநோய் இல்லையாம், இந்த வயதுப் பையன்களுக்கு அபூர்வமாக வருமாம். லேசாக அடிபட்டாலே ரத்தம் கொட்டுமாம். பிறகு, கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார்.

மகன் முந்திக்கொண்டு, “பாஸ்கெட்பால் பட்டது” என்றான்.

“இல்லை, நான்தான் அடித்தேன்” என்றேன்.

ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டார்கள். அவன் நன்றாக இருக்கிறான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய், என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் சொன்னதுதான்.