ஹாஸ்டல் ஜன்னலுக்குப் போன தழைச்சத்து

என் வீட்டுக்காரர் தினசரி காலண்டரைக் கேட்காமல் எந்தக் காரியத்தையும் தொடமாட்டார். முடிவெட்டப் போகக்கூட நாள் பார்ப்பார். இந்த மலையாள ஊரில், கழக்கூட்டத்தில் அவர் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, பையோடு வீட்டுக்கு வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "அஷ்டமியில போய்ச் சேர்ந்தேம்லா, பின்ன எப்படி விளங்கும்?" என்பதுதான். அந்த அஷ்டமிதானே இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அதன்பிறகு வந்த இண்டர்வியூ எல்லாம் அதிசயமாகக் கெட்ட நேரத்தில்தான் வந்தன. ஒன்று எமகண்டம், ஒன்று சந்திராஷ்டமம். ஒன்றுக்கும் அவர் போகவில்லை. நான் தம்பானூரில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். சாயங்காலம் பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால், ஹாலில் அதே நாற்காலியில் அதே லுங்கியில் உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷனுக்குப் பயம், நாள் பார்ப்பதெல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரியும். சொன்னால் இன்னும் சுருங்கிவிடுவார் என்றும் தெரியும். ஆகவே என் எரிச்சலையெல்லாம் புளிக்குழம்பில் காரமாகப் போட்டேன்.

கடைசியில் அவரை எழுப்பியது பக்கத்து நிலம்தான். எங்கள் வாடகை வீட்டுக்கும் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கும் நடுவே பத்து சென்ட் வயல் சும்மா கிடந்தது. வயலுக்கும் ஹாஸ்டலுக்கும் சொந்தக்காரி ஒரே சேச்சி. வெண்டை போடட்டுமா என்று இவரே ஒருநாள் போய்க் கேட்டிருக்கிறார். "இட்டோ சேட்டா. பக்ஷே ஹாஸ்டல்ல ஒரு பரிபவம் வந்தா நிலம் திரிச்சு தரணும்" என்றாளாம் சேச்சி. தாராளமாகப் போடு, ஆனால் ஹாஸ்டல் பெண்கள் ஒரு புகார் சொன்னாலும் நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அர்த்தம். எனக்கு வெண்டைக்காய் ஒரு பொருட்டே இல்லை. இந்த வயல் கைவிட்டுப் போனால் அவர் திரும்ப நாற்காலிக்குப் போய்விடுவார் என்பதுதான் என் பயமெல்லாம்.

நாங்குநேரிப் பக்கம் என் அண்ணனுக்கு விவசாயம். செம்மறி ஆட்டுக்கிடையில் அள்ளிய எருவை, மூத்திரம் ஊறிய மண்ணோடு சேர்த்து, மூட்டை மூட்டையாகக் காய்கறி லாரியில் ஏற்றிவிட்டார். இவர் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, மூட்டைகளைப் பிரித்து வயல் முழுக்க அழகாகப் பரப்பினார். கல்யாணப் பந்தலில் ஜமக்காளம் விரிப்பவர்கூட அவ்வளவு கவனமாக விரிக்கமாட்டார்.

"நாளைக்குக் கொத்திவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. பரப்புறது வெறும் ஏற்பாடு. மண்ணுல மம்பட்டி வைக்கிறதுதான் ஆரம்பம். தசமியில வச்சுக்கிடலாம்."

அஷ்டமியன்று வெயில் கொளுத்தியது. எரு காய்ந்து போகிறதே என்று வாளியில் தண்ணீர் கொண்டுபோய்த் தெளித்தார். அவ்வளவுதான், கிளம்பியது பாருங்கள் ஒரு நெடி. வெறும் சாண நாற்றம் இல்லை. நாள்கணக்கில் கழுவாத பஸ் ஸ்டாண்டு மூத்திரப்புரை மாதிரி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. இவரோ வரப்பில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "என்ன காரம் பாத்தியா? சத்தில்லாத எருவுக்கு இந்த நெடி வருமா?" என்று பூரித்தார். ஹாஸ்டல் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

மறுநாள் நவமி, புதன்கிழமை. சேச்சி சும்மா இருக்கமாட்டாள் என்று தெரிந்து நான் லீவு போட்டிருந்தேன். மத்தியானம் வந்தாள். தனியாக வரவில்லை, கிருஷி பவனிலிருந்து விவசாய ஆபீசரையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். ஆபீசர் ஒரு சின்னப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே குனிந்து ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது மண்ணுல மூடாதது எந்தா சேட்டா?"

இவர் அஷ்டமி நவமியை விளக்கினார். ஆபீசர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துவிட்டேன்.

"இந்த நெடி இருக்கில்லே, அதுதான் சேட்டனோட நைட்ரஜன். அமோனியாவாகி மேல போகுது. மண்ணுல கலந்திருந்தா மண்ணு பிடிச்சு வைக்கும். வெளிய இட்டா வெயிலும் காற்றும் கொண்டுபோகும். முதல் ரெண்டு நாள்லதான் கூடுதலா போகும்" என்றாள் அவள்.

நைட்ரஜன்தானே பயிருக்குத் தழைச்சத்து. அண்ணன் வேலை மெனக்கெட்டு அனுப்பிய அந்தத் தழைச்சத்தை இந்தக் கூறுகெட்ட மனுஷன் ஹாஸ்டல் ஜன்னலுக்கு உரமாகப் போட்டிருக்கிறார்!

"அப்ப நான் மோந்து மோந்து பெருமைப்பட்டது?" என்றார் மெதுவாக.

"போய்க்கிட்டே இருந்ததைத்தான்" என்றேன்.

"போனது போச்சு. பாக்கிய இப்பவே மூடணும்" என்றாள் ஆபீசர். "இன்னிக்கு மூடியில்லெங்கில், நாளெ முதல் நிலம் எனக்கு" என்றாள் சேச்சி.

இவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சமையலறைச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. ஹாலில் நாற்காலி கிடக்கிறது. இவர் மட்டும் உள்ளே நடந்தாரானால் அந்த நாற்காலியை இன்றைக்கே விறகாக்கிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டேன். கோபத்தில் அழுகைகூட வந்தது.

லுங்கியை மடித்துக் கட்டினார். "மம்பட்டிய எங்க வச்சேன்?" என்றார்.

நவமி, அதிலும் புதன்கிழமை மத்தியான ராகுகாலம். அவர் கொத்தினார், நான் பின்னாலேயே பலகைத் துண்டால் மண்ணை இழுத்து மூடினேன். கம்ப்யூட்டர் தட்டிய அவர் கை, அரை மணி நேரத்தில் கொப்புளம் போட்டுவிட்டது. நிறுத்தவில்லை. வெயில் தாழ்ந்தபோது நெடி அடங்கியிருந்தது. ஹாஸ்டலில் ஒரு ஜன்னல் திறந்தது, பிறகு இன்னொன்று. அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "இங்க ஆட்டுக்கிடை எழும்பின கையோட ஏர் பூட்டிருவோமே! ஒருத்தரும் நாள் பாக்க மாட்டாங்களே!" என்று சிரித்தார்.

வெண்டை முளைத்தது. இலையில் கொஞ்சம் வெளுப்புதான், போன சத்து போனதுதான். ஆனாலும் செடிகள் நின்றன. அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது. கை முழுக்கச் சேறு, நான்தான் காதில் பிடித்தேன். ஒரு சின்னக் கம்பெனி, வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இண்டர்வியூ.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி ராகுகாலம் என்று எங்கள் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும்.

"வந்துருதேன் சார்" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாளியை எடுத்தார்.

"அது என்ன நேரம்னு எனக்குத் தெரியும், நீ சொல்லாண்டாம். வேற நாள் கேட்டுக்கிட்டு நின்னா இதுவும் ஆகாசத்துக்குப் போயிரும்லா."

நான் உள்ளே போய் அவருடைய நீலச் சட்டையை எடுத்தேன். ஒரு பித்தான் தெறித்திருந்தது. உட்கார்ந்து தைத்தேன்.