முதுகு காட்டி நின்ற வீடு

1. இரண்டு வருடங்களுக்கு முன்பு, செப்டெம்பர் மாதத்தில், ஜேர்மனியின் ஆஹென் நகரத்தில் என்னோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த பீகார்ப் பெண்ணுக்கு அவளுடைய தாயோடு தொலைபேசித் தொடர்பு கிடைக்காமல் போனது.

2. தாய் இருந்த ஊர், கோசி ஆற்றின் இரண்டு மண் அணைகளுக்கும் நடுவே ஒரு மணல் திட்டில் இருந்தது. நேபாள மலைகளில் கொட்டிய மழை அப்போது அந்த ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

3. பட்னாவில் இருக்கும் அவளுடைய மாமா அலைந்து திரிந்து ஒரு மீட்புப் படகுக்கு ஏற்பாடு செய்தார். ஞாயிறு விடிந்ததும் படகு புறப்படும். படகுக்காரர்கள் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், அந்தப் பகுதி ஆறு அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒரே ஓர் இடத்தைச் சொல்லுங்கள், அங்கே போகிறோம், தேடித் திரிய ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

4. வரைபடத்தில் அந்த ஊரின் பெயரைத் தேடினால், பெயர் ஆற்றின் நடுவில் கிடந்தது.

5. அந்த ஓர் இடத்தைச் சனிக்கிழமை முடிவதற்குள் சொல்லவேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது.

என்னிடம் வந்ததற்குக் காரணம் என் வேலை. வட இந்தியக் கிராமங்களில் இப்போது ஏறக்குறைய எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று செய்மதி வானிலிருந்து எடுக்கும் படங்களை வைத்து மதிப்பிடும் குழுவில் நான் இருக்கிறேன். நான் எழுதிய கணினி நிரல் படத்தில் கூரைகளைத் தேடும். கூரையின் அளவைப் பார்த்து ஆட்களைக் கணக்கிடும். பிறகு அரசாங்க வரைபடத்தில் உள்ள ஊர் எல்லைக்குள் எத்தனை கூரை விழுகிறதோ, அதை அந்த ஊரின் சனத்தொகையாக எழுதும். ஊர் என்றால் ஒரு எல்லைக்கோடு, கோட்டுக்குள் வீடு, வீட்டுக்குள் ஆள். அதுவரை எனக்கு ஊர் என்பது இவ்வளவுதான்.

அந்த வருடம் கோடைகாலத்தில் ஒருநாள் அவள் என் மேசைக்குப் பின்னால் நின்று தன் ஊரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். எல்லைக்கோட்டுக்குள் முழுவதும் தண்ணீர். சனத்தொகை பூச்சியம் என்று இருந்தது. அவள் சிரித்தாள்.

"பூச்சியமா? அப்படியென்றால் நேற்று அங்கேயிருந்து போனில் என்னை முக்கால் மணித்தியாலம் திட்டியது யார்?"

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். என் அம்மா கொலோனிலிருந்து வரும்போதெல்லாம் அவளோடு யாழ்ப்பாணத் தமிழில் மட்டுமே பேசியதால், 'ஓம்', 'ஏலாது', 'சாப்பிட்டாச்சு' என்ற மூன்று சொற்களை அவள் கற்று வைத்திருந்தாள். அம்மாவைச் சமாளிக்க அவை போதும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவளை என் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் தெளிவான படங்கள் இருந்தன. வெள்ள நாட்களில் மேகம் மூடியிருந்ததால் புதிய படம் எதுவும் பயன்படவில்லை. மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ரேடார் படத்தில் எங்கே தண்ணீர், எங்கே நிலம் என்று மட்டும் தெரிந்தது, வீடு தெரியவில்லை. எனவே வெள்ளத்துக்கு முந்திய மே மாதத்துப் படத்தைத் திறந்தோம்.

அவள் ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் ஊர் இடம் மாறியிருந்தது. புது இடத்தை அவள் பார்த்ததில்லை, மாமாவும் போனதில்லை. "மேற்கே, இரண்டு ஓடை தாண்டி, புது மணலில்" என்று தாய் சொன்னது மட்டும் நினைவிருந்தது. மே மாதத்துப் படத்தில் ஓடைகள் நிறைய இருந்தன. புது மணலும் நிறைய இருந்தது. மணலில் எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னக் குடியிருப்புகள், ஒன்றைப்போலவே இன்னொன்று. மூங்கில் சுவர், புல் கூரை, இடையிடையே தகரம்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பழைய இடத்தில் ஊர் இருந்தபோது எடுத்த படத்தில் கூரைகளை எண்ணவைத்து, அதே அளவு கூரைகள் உள்ள புதுக் குடியிருப்பைத் தேடச் சொன்னேன். நிரல் ஒன்றைக் காட்டியது. எண்ணிக்கை நன்றாகப் பொருந்தியது. மேற்கேயும் இருந்தது, ஓடைகளும் இருந்தன. அந்த இடத்தின் ஆள்கூறுகளை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, மாமாவுக்கு அனுப்பச் செய்தி தட்டியும் வைத்துவிட்டேன். ஆனாலும் அனுப்பவில்லை. இது வெறும் எண் பொருத்தம் என்று எனக்குத் தெரியும். படகு ஒரு முறைதான் போகும்.

அப்போது கொலோனிலிருந்து என் அம்மா தொலைபேசி எடுத்தா.

"அவள் சாப்பிட்டவளோ?"

காலையில் தேத்தண்ணீர் மட்டும் குடித்தாள் என்றேன்.

"ரெண்டு பேரும் பட்டினி கிடந்தா வெள்ளம் வத்திடுமோ? போனை அவளிட்டக் குடு."

கொடுத்தேன். அம்மா தமிழில் நீளமாக ஏதோ சொன்னா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அன்ரி" என்றாள். "ஓம். ஓம் அன்ரி." தொலைபேசி திரும்பி வந்ததும் அம்மா என்னைப் பிடித்தா.

"உந்தப் பெட்டியைத் தட்டித் தட்டி ஊர் ஊரா ஆக்களை எண்ணினனி. இப்ப ஒரு ஊரைக் கண்டுபிடிக்க ஏலாதோ?"



மதியம்போல எங்கள் அலுவலகத்தின் கணினித் தொழில்நுட்பக்காரர் உள்ளே வந்தார். சனிக்கிழமைகளில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சேமிப்பு இயந்திரங்களைப் பராமரிக்க வருவார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஊர் இடம் மாறியது என்றதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருடைய ஊரும் இடம் மாறிய ஊர்தான். ஆஹெனிலிருந்து கிழக்கே போனால் பெரிய நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகச் சில கிராமங்களை முழுதாகப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். பெயர்ப்பலகையில் பழைய பெயரே இருக்கும், பக்கத்தில் 'புதியது' என்று போட்டிருக்கும். அவர் பள்ளிக்கூடம் போன தெரு இன்று ஒரு பள்ளம். புது ஊரில் நல்ல வீடு, நல்ல வீதி. ஆனால் பழைய பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தெரு தள்ளிப் போய்விட்டார் என்றார். காணி தெரிவு செய்யும்போது ஒருவரோடு ஒருவர் கோபமாக இருந்தவர்கள் ஊரின் இரண்டு கோடிகளையும் பார்த்து எடுத்துக்கொண்டார்களாம்.

பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "உங்கள் ஊரில் எப்படி? மாறிய பிறகும் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்களா?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "வேறு எப்படி இருப்பார்கள்?" என்றாள்.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஊர் எப்படி மாறும் என்று விவரமாகச் சொல்லச் சொன்னேன்.

அதன்பிறகு அவள் சொன்னவற்றை என் சொற்களில் சுருக்கித் தருகிறேன். அவளுடைய கொள்ளுத் தாத்தா காலத்தில் ஊர் ஆற்றின் கிழக்கே இருந்தது. ஆறு கரையை அறுக்கத் தொடங்கினால் வீடுகளைப் பிரிப்பார்கள். மூங்கில், தகரம், கதவு எல்லாவற்றையும் படகில் ஏற்றி, எங்கே மணல் மேடு தட்டியிருக்கிறதோ அங்கே இறக்குவார்கள். காணிப் பத்திரம் பழைய நிலத்துக்குத்தான். அந்த நிலம் ஆற்றுக்கு அடியில் கிடந்தாலும் அதற்கு வரி கட்டுவார்கள். ஆறு விலகினால் நிலம் மேலே வரும், அப்போது அது யாருடையது என்ற கேள்வி வரக்கூடாதல்லவா? அதனால் பெயரையும் விடுவதில்லை. வழியில் பிரிந்து வேறு திட்டுக்குப் போன குடும்பங்களும் அதே பெயரைத்தான் சொல்லும். ஒரு பெயரில் பல ஊர்கள் இருப்பது அப்படித்தான்.

புது மணலில் இறங்கியதும் முதலில் பொது முற்றத்துக்கு இடம் விடுவார்கள். பிறகு அதிலிருந்து வரிசை. யாருக்கு வலப்பக்கம் யார், யாருக்கு எதிரே யார் என்பதில் பேச்சே இல்லை. அளந்து கொடுக்க அலுவலரும் இல்லை, வரைபடமும் இல்லை. ஆளுக்கு ஆள் தன் பக்கத்து வீட்டைப் பார்த்து நின்றுகொள்வார்கள். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு முறை மாறியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் எழுந்து, பழைய ஊரில் ஓடுவதுபோலவே ஓடிப்போய்ச் சிநேகிதியின் வீட்டு வாசலில் நின்றாளாம். வழி தேடவேண்டியிருக்கவில்லை.

பழைய படத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை கூரைகளை எண்ணவில்லை. அவள் விரலை வைத்து இது எங்கள் வீடு, இது கிணற்றுக்காரர் வீடு என்று சொல்லிக்கொண்டே போனாள். முற்றங்கள் எல்லாம் பெருக்கி மெழுகி வெளிறியிருந்ததால் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தன. எல்லா முற்றமும் தெருவைப் பார்த்திருந்தது. ஒரே ஒரு வீட்டின் முற்றம் மட்டும் பின்னால், வயலைப் பார்த்து இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

அந்த வேளையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சகோதரர்கள். அவள் பிறப்பதற்கு முன்பே சண்டை. அண்ணன் முகத்தில் விழிக்கக்கூடாது என்று தம்பி வீட்டைத் திருப்பிக் கட்டினார். "அடுத்த முறை ஊர் மாறியபோது தூரப் போயிருக்கலாமே?" என்று நான் கேட்டேன். எப்படிப் போவது, அது அவருடைய இடமல்லவா என்றாள். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கி, மறுபடியும் முதுகைக் காட்டிக் கட்டினார்.

தொழில்நுட்பக்காரர் கதிரையைத் திரைக்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

மே மாதத்துப் படத்தில் ஒவ்வொரு குடியிருப்பாகப் போனோம். நிரல் பொருத்தமென்று காட்டிய இடத்தில் எல்லா முற்றமும் ஒழுங்காகத் தெருவைப் பார்த்திருந்தது. அதை விட்டோம். அடுத்ததை விட்டோம். கடைசியில், நான் நினைத்ததைவிட வெகு தெற்கே, நீளமான ஒரு மணல் திட்டில் பழைய படத்தில் பார்த்ததைப்போலவே முழங்கையாக மடிந்த ஒரு தெரு தெரிந்தது. நடுவில் பொது முற்றம். மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு வீடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் திரையைத் தொட்டாள். அந்த வீட்டிலிருந்து இரண்டாவது கூரையில் விரலை வைத்து, "அம்மா" என்றாள்.

கூரைகள் பழைய எண்ணிக்கையைவிடக் குறைவு. சில குடும்பங்கள் பிரிந்து போயிருந்தன. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் படகு வேறு ஊருக்குப் போயிருக்கும்.

ஆள்கூறுகளை மாமாவுக்கு அனுப்பினோம். அதன்பிறகு, படத்தில் நான் பார்த்த மற்ற எல்லாக் குடியிருப்புகளின் இடங்களையும் சேர்த்து அனுப்பினேன். அங்கேயும் யாருடையவோ அம்மாமார் இருந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் அங்கேயும் படகுகள் போயின என்று மாமா பின்னர் சொன்னார்.

ஞாயிறு காலை நாங்கள் சமையலறை மேசையில் தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். அது அடித்ததும் அவள் எடுக்கப் பயந்தாள். நான் எடுத்து அவள் காதில் வைத்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல் உரத்துப் பேசியது. எனக்கு மொழி புரியவில்லை. ஆனால் திட்டு என்பது புரிந்தது. ஆடுகளை ஏற்றாமல் படகில் ஏறமாட்டேன் என்று தாய் நின்றதைப் படகுக்காரர்கள் குறைசொல்கிறார்களாம், அதற்குத்தான் அந்தச் சத்தம் என்று அவள் பிறகு சொன்னாள். அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் 'ஓம்' என்றாள். தாய்மொழி மறந்துபோய்த் தமிழில் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

என்னால் மறக்க முடியாதது அந்த அழைப்பு அல்ல. ஒரு கிழமைக்குப் பிறகு அவளுடைய மாமா அனுப்பிய ஒரு படம். ஊர் முழுவதையும் மண் அணையின் மேல் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒடுக்கமான அணை, இரண்டு பக்கமும் தண்ணீர், ஆளுக்கு ஒரு நீலத் தறப்பாள் கூடாரம். நான் படத்தைப் பெரிதாக்கினேன். அவள் பக்கத்திலிருந்து பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். அதே வரிசை. வீடும் இல்லை, தெருவும் இல்லை, நிலமும் இல்லை. ஆனாலும் அவரவர் இடத்தில் அவரவர் இருந்தார்கள். எல்லாத் தறப்பாள்களும் அணையின் நடுப்பாதையைப் பார்த்துத் திறந்திருந்தன. ஒன்று மட்டும் தண்ணீரைப் பார்த்துத் திறந்திருந்தது.

அதை என் அம்மாவுக்குச் சொன்னபோது சிரிப்பா என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கட ஊர் ஒழுங்கையிலயும், பக்கத்துப் பக்கத்து வீட்டில, வேலிக்குச் சண்டை பிடிச்ச அண்ணன் தம்பி இருந்தவை. இப்ப ஒராள் கனடாவில, மற்றாள் பாரிசில. வேலியும் இல்லை, சண்டையும் இல்லை" என்றா.

தொழில்நுட்பக்காரரும் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.  பிறகு, தன் பழைய பக்கத்து வீட்டுக்காரரை அந்த ஞாயிறு போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து திரையில் ஒரு கிராமத்தைத் திறக்கும்போதெல்லாம், எத்தனை பேர் என்பதற்கு முன் யாருக்குப் பக்கத்தில் யார் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு என் நிரலில் இடமில்லை. ஆனால் அந்தப் பக்கத்து வரிசை ஓர் ஊரைப் பெயர்த்து ஆற்றின் மேல் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குப் பலமுள்ளது என்பதை மட்டும் கண்ணால் கண்டேன்.

இப்போதைய நிலைமை இதுதான். வெள்ளம் வடிந்தபோது அந்தத் திட்டு அங்கே இருக்கவில்லை. ஊர் வடக்கே இன்னொரு மணலுக்குப் போயிருக்கிறது. என் வரைபடத்தில் அந்தப் பெயருக்கு நேரே இப்போது பூச்சியம் இல்லை, புது இடத்துக் கூரைகளை நானே கையால் சேர்த்திருக்கிறேன். அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.